கோல்ஃப் போட்டியில் நெஞ்சு படபடப்பது ஆட்டக்காரராலா, மைதானத்தாலா?

"மாமா, அகஸ்டால நடக்குற மாஸ்டர்ஸ் பாத்தா கடைசி ஹோல் வரைக்கும் யாரு ஜெயிப்பான்னே தெரியல்ல. வேற சில போட்டி சனிக்கிழமையே முடிஞ்சு போன மாதிரி இருக்கு. இது ஆளுக்க திறமையா, கிரவுண்டுக்க வேலையா?"

குளச்சலில் இருக்கும் என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளை, இப்போது கைப்பேசியில் கோல்ஃப் பார்க்கிறான். நான் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினான்கு வருடம் புல் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அன்று டீ குடிக்கிற நேரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் நல்ல ஆட்டம் இல்லை. ஆனாலும் மக்கா, நீ பார்த்த அந்தப் படபடப்பில் பெரும் பங்கு மைதானத்தை வரைந்தவருக்கும், அன்று விடியுமுன் கிரீனில், அதாவது ஒட்ட வெட்டிய புல்தரையில், குழி வெட்டியவருக்கும் உரியது. பலரும் மைதானம் கடினமாக இருந்தால் போட்டி சூடு பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டக்காரர் முன்னால் இரண்டு வழி இருக்க வேண்டும். ஒன்று பத்திரமானது, மற்றது ஆசை காட்டுவது. இரண்டில் எதை எடுப்பது என்று அவர் உண்மையிலேயே தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றம் போட்டியின் கடைசி ஒரு மணி நேரத்தில் வர வேண்டும். இது அமைந்துவிட்டால் பார்க்கிறவனுக்குக் கண் சிமிட்டத் தோன்றாது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. ஹோல் என்றால் முதல் அடி அடிக்கிற டீ என்ற இடத்திலிருந்து குழி வரைக்குமான பாதை. ஒவ்வொரு ஹோலுக்கும் பார் என்று ஓர் எண்ணிக்கை உண்டு. பார் 5 என்றால் மட்டையால் ஐந்து முறை அடித்துப் பந்தைக் குழியில் போட வேண்டும். ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. நான்கு நாள், 72 ஹோல், மொத்த அடி குறைந்தவருக்கு வெற்றி. கடைசி நாள் மாலையில் முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இரண்டு மூன்று அடி வித்தியாசம் இருக்கிறது என்று வை. மீதமுள்ள ஹோல்களில் எல்லாரும் நான்கோ ஐந்தோதான் எடுப்பார்கள் என்றால் அந்த வித்தியாசம் அசையாது. ஒருவர் மூன்றில் முடிக்கவும் இன்னொருவர் ஏழு வாங்கவும் இடம் தருகிற ஒரு ஹோல் வந்தால், பத்தே நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகும்.

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா இதற்காகவே வரைந்தது போல இருக்கும். ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் மைதானம் வரைகிற அலிஸ்டர் மெக்கன்ஸியும் சேர்ந்து உருவாக்கிய மைதானம். அதன் 13, 15 இரண்டும் பார் 5. நன்றாக அடிக்கிறவர் இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டலாம். ஆனால் 13இல் கிரீனுக்கு முன்னே ஓடை, 15இல் குளம். தண்ணீருக்கு இந்தப் பக்கம் நிறுத்தி மூன்றாவது அடியில் ஏறுவது பத்திரமான வழி. முன்னிலையில் இருப்பவருக்குப் பத்திரம் போதும் என்று தோன்றும். பின்னால் இருப்பவர் துணிந்து அடிக்கிறார் என்று தெரிந்ததும் மனம் மாறும்.

1935இல் ஜீன் சராசன் மூன்று அடி பின்தங்கி 15க்கு வந்தார். 235 யார்டு தூரத்திலிருந்து 4-வுட் என்ற நீள மட்டையால் அடித்த இரண்டாவது அடி நேரே குழிக்குள் விழுந்தது. பார் 5 ஹோலில் இரண்டு! மூன்று அடி வித்தியாசம் ஒரே அடியில் அழிந்தது. சமநிலையை முடிக்க மறுநாள் நடந்த பிளே-ஆஃபில் கிரெய்க் வுட்டை வென்று கோப்பையையும் எடுத்தார். இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அதற்கு முந்தைய ஆண்டு, 1934இல், முதல் மாஸ்டர்ஸ் நடந்தபோது இந்த மைதானத்தின் இரண்டு பாதிகளும் இடம் மாறி இருந்தன. இன்றைய 15 அன்று ஆறாவது ஹோல். அடுத்த ஆண்டு மாற்றிப் போட்டார்கள். ஆறாவது ஹோலில் அப்படி ஓர் அடி விழுந்திருந்தால் அழகான அடி என்று பேசிவிட்டு விட்டிருப்பார்கள். அதே நிலம், அதே குளம், வரிசை மட்டும் மாறியது. வரிசைக்கு அவ்வளவு பலம்.

12ஆவது ஹோல் 155 யார்டு பார் 3 மட்டும்தான். ஆனால் கிரீன் குறுக்காகக் கிடக்கும், ஆழம் மிகக் குறைவு. முன்னே ரேஸ் ஓடை, பின்னே பங்கர் என்ற மணல்குழி. மரங்களுக்கு நடுவே காற்று சுற்றிச் சுற்றி வீசுவதால் தூரக் கணக்கு பிடிபடாது. 2016இல் ஜோர்டன் ஸ்பீத் ஐந்து அடி முன்னிலையோடு கடைசி ஒன்பது ஹோலுக்குள் வந்தவர், இங்கே இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு ஏழு வாங்கினார். டேனி வில்லெட் வென்றார். அதே ஞாயிறு, 16ஆவது ஹோலில் மூன்று பேர் டீயிலிருந்து ஒரே அடியில் குழியில் போட்டார்கள்: ஷேன் லோரி, டேவிஸ் லவ், லூயி ஊஸ்தாய்சன். காரணம் குழி வெட்டிய இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குழியை இடப்பக்கப் பள்ளத்தில் வைப்பது வழக்கம். பந்தை வலப்பக்க மேட்டில் சரியான இடத்தில் இறக்கினால் சரிவே அதைக் குழிக்குக் கொண்டு போகும். ஒரே மாலையில் 12 தண்டிக்கிறது, 16 அள்ளிக் கொடுக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் ஆட்டத்தை உயிரோடு வைக்கிறது.

இந்த ஆசை காட்டும் ஹோல்களைக் காலம் கெடுத்தும் விடும். பந்தும் மட்டையும் முன்னேறியதில் 13இல் பலருக்கும் இரண்டாவது அடி சின்ன இரும்பு மட்டைக்கே சுலபமாகிப் போனது. எல்லாரும் தயங்காமல் அடித்தால் அங்கே என்ன தடுமாற்றம்? அதனால் 2023இல் டீயை 35 யார்டு பின்னுக்குத் தள்ளி 545 யார்டு ஆக்கினார்கள். பழைய பயம் கொஞ்சம் திரும்பியது. 2025இல் ரோரி மெக்கில்ராய் அங்கே பத்திரமான வழியைத்தான் எடுத்தார். நூறு யார்டுக்கும் குறைவான தூரத்திலிருந்து அடித்த மூன்றாவது அடி ஓடைக்குள் போய்விட்டது. ஏழு. பத்திரம் என்று நினைத்த வழியிலும் தண்ணீர் காத்திருந்தது. பிறகு 15இல் மரத்தைச் சுற்றி வளைத்து அவர் கிரீனில் இறக்கிய அடியைப் பார்த்திருப்பாய். கடைசியில் ஜஸ்டின் ரோஸோடு பிளே-ஆஃப் வரை போய்த்தான் வென்றார்.

வரைபடம் இவ்வளவு செய்யும். ஆனால் வரைபடத்தை ஒரு ராத்திரியில் வீணாக்கவும் முடியும். இது நான் கையால் தொட்டுப் பார்த்த விஷயம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உனக்குக் கடற்கரைப் பந்து தெரியும். கடல் வேலி இறங்கி அலை பின்வாங்கின பிறகு ஈரம் கெட்டித்த மணலில் ஆடினால் பந்து ஓடும். எங்கே தட்டினால் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்க வேண்டும், புத்திக்காரன் ஜெயிப்பான். மேலே பொதபொத மணலில் ஆடினால் பந்து விழுந்த இடத்தில் நிற்கும், கால் பலம் உள்ளவன் ஜெயிப்பான். கோல்ஃப் மைதானமும் அப்படித்தான். கிரீன் கெட்டியாக இருந்தால் பந்து விழுந்து துள்ளி ஓடும். எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது, எவ்வளவு முன்னே இறக்குவது என்பதெல்லாம் முக்கியமாகும். ஃபேர்வேயின், அதாவது நடுவில் வெட்டிய புல் பாதையின், சரியான பாதியில் பந்தை வைத்தவருக்குப் பலன் கிடைக்கும். கிரீன் ஈரமாக இருந்தால் எங்கிருந்து அடித்தாலும் பந்து ஒட்டிக்கொள்ளும். வளைவும் சரிவும் பங்கரும் வெறும் அலங்காரம். கோவிட் காரணமாக 2020 மாஸ்டர்ஸ் நவம்பருக்குத் தள்ளிப்போனது. மழையில் நனைந்து மென்மையான தரை, பார்வையாளர்களும் இல்லை. டஸ்டின் ஜான்சன் பாருக்கு 20 கீழே, போட்டியின் சாதனை எண்ணிக்கை, ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். அருமையான ஆட்டம். ஆனால் ஞாயிறு மாலை யாருக்கும் நகம் கடிக்கத் தோன்றவில்லை.

துபாயில் எங்கள் தரையில் இருந்தது பெர்முடா. நம் வீட்டு முற்றத்தில் பிள்ளையாருக்குப் பறிக்கிற அருகம்புல்லின் வம்சம்தான் அது, கலப்பு செய்து நுணுக்கமாக்கியது. கிரீனில் அதை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுவோம். போட்டி வாரத்தில் காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். வெட்டு, மறுபடி குறுக்கே வெட்டு, உருளை. மண் ஈரத்தை மீட்டரில் குத்திப் பார்த்து, காய்ந்த இடத்துக்கு மட்டும் கையால் ஹோஸ் பிடித்துத் தண்ணீர். ஒரு வருடம் போட்டிக்கு முந்தின இரவு தெளிப்பான் நேரத்தை நான் தப்பாக வைத்துவிட்டேன். மூன்று கிரீன் ஊறிப்போயின. மறுநாள் அந்த மூன்றிலும் எல்லாரும் குழியைப் பார்த்துக் குருட்டுத்தனமாக அடித்தார்கள், எல்லாப் பந்தும் நின்றது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சிகூட. எனக்கு மட்டும் அந்த நாள் முழுக்க மனம் ஆறவில்லை. அந்த மூன்று ஹோலிலும் கேள்வியே இல்லாமல் செய்துவிட்டேன்.

குழி வெட்டுவது தனிக் கலை. குழியின் விட்டம் நாலே கால் அங்குலம், உலகம் முழுக்க ஒன்றே. ஆனால் ஒரு கிரீனில் அதை வைக்க நாலைந்து நல்ல இடம் இருக்கும். முந்தின நாள் மாலை போட்டி அதிகாரி வந்து, பந்தை உருட்டிப் பார்த்து, ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். காலையில் அந்தப் புள்ளியில் வெட்டி, உள்விளிம்புக்கு வெள்ளை அடிப்போம், டிவியில் தெரிவதற்கு. ஓரத்துக்கு நாலு அடி நகர்த்தினால் அதே ஹோல் இன்னொரு ஹோல் ஆகிவிடும். நடுவில் வைத்தால் எல்லாருக்கும் பார். பங்கருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் துணிந்தவனுக்குப் பேர்டியும் தப்பியவனுக்குப் போகியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிரீனின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற உலோகச் சட்டத்தில் பந்தை உருட்டி, எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். பெரிய போட்டிகளில் 12, 13 அடி சாதாரணம். வேகம் கூடக் கூடப் பெருமை என்று நினைக்கிற நிர்வாகங்கள் உண்டு. ஆனால் வேகம் அளவு மீறினால் சரிவான இடத்தில் குழி வைக்கவே முடியாது, பந்து நிற்காது. கடைசியில் தட்டையான இரண்டு மூலைதான் மிஞ்சும். வரைந்தவர் உருவாக்கிய மேடு பள்ளமெல்லாம் வீண். பத்தரை அடி வேகத்தில் எட்டு இடத்தில் குழி வைக்க முடிகிற கிரீனையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2004 யு.எஸ். ஓபன் காட்டியது. ஷினகாக் ஹில்ஸ் மைதானம், ஞாயிறு, காற்றும் வெயிலும். ஏழாவது கிரீன் காய்ந்து கண்ணாடி ஆகிவிட்டது. நல்ல அடிகூடத் தங்கவில்லை. கடைசியில் ஒரு குழு போனதும் அடுத்த குழு வருமுன் தண்ணீர் தெளிக்க வேண்டி வந்தது. அன்று ஒருவர்கூடப் பாருக்குக் கீழே வரவில்லை. ரெட்டீஃப் கூஸன் வென்றார். கிரீனில் பந்தை உருட்டும் அவரது பட்டிங் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் ஒரே தண்டனை கிடைத்தால், பார்க்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் பரிதாபம்தான் மிஞ்சும்.

ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் நடந்த 1999 பிரிட்டிஷ் ஓபனை வைத்து இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் உண்டு. ஃபேர்வே ஒடுங்கி, ஓரத்துப் புல்லான ரஃப் முட்டளவு வளர்ந்து, முதல் நாள் இளைஞர் செர்ஜியோ கார்சியா 89 எடுத்த போட்டி. அப்படிக் கொடுமையான மைதானத்தில்தானே மறக்க முடியாத முடிவு வந்தது என்பார்கள். ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு 18க்கு வந்தார். ஆறு எடுத்தாலும் கோப்பை. நீள அடிக்கான டிரைவர் மட்டையை எடுத்தார். இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் தெறித்து ரஃபுக்குள், அடுத்தது பாரி ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்ற படத்தை உலகமே பார்த்தது. ஏழு எடுத்தார். அன்று காலை பத்து அடி பின்தங்கியிருந்த பால் லாரி பிளே-ஆஃபில் வென்றார். என் கணக்கில் அந்த நாடகத்தை உண்டாக்கியது ரஃப் இல்லை. அந்த ஹோலைக் குறுக்கிட்டு வளைந்து ஓடும் ஓடையும், சின்ன மட்டை எடுத்துப் பத்திரமாக வரலாம் என்ற வழி திறந்தே கிடந்ததும்தான். அடர்ந்த ரஃப் வழியை மூடிவிடும். பந்து உள்ளே போனால் வெட்ஜ் மட்டையால் பக்கத்தில் தட்டி வெளியே எடுப்பது தவிர வேறு யோசனை இல்லை. யோசனை இல்லாத இடத்தில் என்ன விறுவிறுப்பு?

2008இல் டாரி பைன்ஸில் நடந்த யு.எஸ். ஓபனில் மைதானத்தை அமைத்த அதிகாரி மைக் டேவிஸ் செய்தது நேர்மாறு. 430 யார்டுக்கு மேல் நீண்ட 14ஆவது பார் 4 ஹோலின் டீயை ஞாயிறு அன்று 300 யார்டுக்கும் கீழே முன்னே கொண்டு வந்தார். ஒரே அடியில் கிரீன், தவறினால் பள்ளத்தாக்கு. ஹோலைச் சுலபமாக்கி, அதே நேரத்தில் தலையைக் குடைய வைத்தார். கடினமாக்குவது யாராலும் முடியும். அந்த ஞாயிறு காலை டீயை முன்னே நகர்த்த எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

துபாய் எமிரேட்ஸ் கிளப்பின் மஜ்லிஸ் மைதானத்தில் கடைசி இரண்டு ஹோலும் இந்த ஜாதி. 17 ஒரே அடியில் எட்ட ஆசைப்படுகிற பார் 4, 18 கிரீனுக்கு முன் தண்ணீர் கிடக்கும் பார் 5. 2022இல் விக்டர் ஹோவ்லண்ட் 17இல் ஈகிள், 18இல் பேர்டி போட்டு மேலே வந்தார். மெக்கில்ராய் 18இல் இரண்டாவது அடியிலேயே கிரீனைப் பிடிக்கப் பார்த்து, பந்தைத் தண்ணீரில் விட்டு, ஒரே அடியில் பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தார். மறு வருடம் மழையால் போட்டி திங்கட்கிழமைக்குப் போனது. நான் வேலை மாற்றிக்கொண்டு போய் 18ஆவது கிரீன் ஓரத்தில் நின்றேன். இந்த முறை அவர் தண்ணீருக்கு முன்னே நிறுத்தினார். மூன்றாவது அடியில் ஏறி, பேர்டி போட்டு, பேட்ரிக் ரீடை ஒரே அடியில் வென்றார். அதே மனிதர், அதே குளம், ஒரு வருட இடைவெளி. முந்தின வருடம் முங்கிய பந்து அவர் மனதில் இருந்திருக்காதா? கூட்டத்தில் எங்கள் எல்லார் மனதிலும் இருந்தது.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வெடிச்சத்தம் வரும் திசையை வைத்தே எந்தக் கோயில் திருவிழா, எந்தத் தேவாலயத்தில் கொடியேற்று என்று சொல்லிவிடுவோம். அகஸ்டாவில் 15, 16 பக்கத்துப் பக்கத்தில், கூட்டம் நிற்கும் சரிவுகளுக்கு நடுவே இருப்பதால், ஆரவாரம் பைன் மரங்களுக்குள் எதிரொலித்துப் பின்னால் வருகிறவர் காதுக்கும் எட்டும். ஈகிளுக்கு ஒரு சத்தம், பேர்டிக்கு ஒரு சத்தம். புளோரிடாவில் சதுப்பு நிலத்தைத் தோண்டி பீட் டை உருவாக்கிய சாக்ராஸ் மைதானத்தில் பார்வையாளர் உட்காரவே மண்மேடுகள் போட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த அதன் 17ஆவது கிரீன், அவர் மனைவி ஆலிஸ் சொன்ன யோசனை. 2022 பிளேயர்ஸ் போட்டியில் நம் அனிர்பன் லாஹிரி ஒரே அடி வித்தியாசத்தில் கேமரன் ஸ்மித்திடம் கோப்பையை விட்டது இந்த மைதானத்தில்தான்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில் சொந்த மண் அணியின் கேப்டனே மைதானத்தை எப்படி வைப்பது என்று சொல்லலாம். சேப்பாக்கத்தில் சுழல் பிட்ச் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள். 2018இல் பாரிஸில் ஃபேர்வேயை ஒடுக்கி ரஃபை வளர்த்து ஐரோப்பா 17½ – 10½ என்று வென்றது. கோப்பை வந்தது, போட்டி ஒருபக்கமானது.

மைதானம் பலவகை ஆட்டக்காரருக்கும் இடம் தர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தாவில் புல் பராமரித்தவரின் மகன், நீளமாக அடிக்கிறவர் இல்லை. புதர் நெருக்கும் டெல்லி கோல்ஃப் கிளப்பில் 2016லும், முற்றிலும் வேறு மாதிரியான குருகிராம் டிஎல்எஃப் மைதானத்தில் 2017லும் இந்தியன் ஓபனை வென்றார். நீளம் மட்டுமே ஜெயிக்கிற மைதானத்தில் இப்படி ஒருவரை நாம் பார்க்கவே முடியாது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் எந்த மைதானமும் உத்தரவாதம் தராது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் ரஃபை எடுத்துவிட்டு, மணலும் காட்டுப்புல்லுமாக மாற்றினார்கள். என் கண்ணுக்கு உலகின் மிக நல்ல வேலைகளில் ஒன்று. 2014 யு.எஸ். ஓபனில் மார்ட்டின் கைமர் அங்கே எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார், ஞாயிறு முழுக்கச் சும்மா போனது. 2024இல் அதே மைதானம். மெக்கில்ராய் 16லும் 18லும் சின்னச் சின்ன பட்களைத் தவறவிட்டார். பிரைசன் டிஷாம்போ 18இல் 55 யார்டு தூரத்துப் பங்கரிலிருந்து குழிக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டு ஒரே அடியில் வென்றார். ஒருவர் மட்டும் பறந்துவிட்டால் வடிவமைப்பு ஒன்றும் செய்ய முடியாது. நாலைந்து பேர் நெருங்கி வரும்போது அவர்களைச் சோதிக்கிற இடத்தைத் தயாராக வைத்திருப்பது மட்டும்தான் மைதானத்தால் முடிந்தது.

நம் மாவட்டத்தில் 18 ஹோல் மைதானம் இல்லை. பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் கவடியாரில் திருவிதாங்கூர் மகாராஜா காலத்து ஒன்பது ஹோல் மைதானம். ஆனாலும் ஆடி மாதம் முட்டத்துப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது அந்த மேட்டில் நின்று பார், ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் காற்று என்ன செய்யும் என்று புரியும். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஃபேர்வே கடல் மாதிரி அகலம். காற்று மாறினால் நேற்று சரியாக இருந்த பக்கம் இன்று தப்பு.

அடுத்த ஏப்ரலில் மாஸ்டர்ஸ் வரும்போது வியாழக்கிழமை முதல் ஒரு மணி நேரம் ஸ்கோரைப் பார்க்காதே. பந்து கிரீனில் விழுந்ததும் துள்ளி ஓடுகிறதா, ஒட்டிக்கொள்கிறதா என்று மட்டும் பார். ஞாயிறு ராத்திரி கழிந்து நம் நேரத்துக்கு அதிகாலை மூன்று மணி தாண்டித்தான் கடைசி ஜோடி 15க்கு வரும். தூங்கிவிடாதே, நானும் முழித்திருப்பேன். அவர்கள் குளத்துக்கு முன்னே நின்று, மட்டைப் பை சுமக்கும் கேடியோடு பேச ஆரம்பித்ததும் எனக்கு ஒரு போன் போடு.